எடுக்கக் கூடாத ஒடுக்கு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் பாதிகூட எனக்குச் சொந்தமில்லை. என் வண்டியின் பின்பக்கம் நசுங்கிப்போய், ஒரு டிங்கரிங் பட்டறையில் கால் ஆடும் ஸ்டூல் ஒன்றில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டிங்கர் கேட்டார். கதை எழுதுகிறேன் என்றேன். உடம்பு சரியில்லாதவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, சுத்தியலைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"ஒரு அம்மா பழைய பிக்கப் ஒண்ணு கொண்டுவந்தாங்க. எல்லாத்தையும் புதுசாக்கு, இந்த ஒரு ஒடுக்கை மட்டும் எடுக்காதேன்னாங்க. எடுத்துட்டேன்."

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"என்ன ஆகும். வண்டியக் குடுத்தாச்சு."

அதற்குமேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் பெயரவில்லை. அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு எட்டு மாதமாக மாரடிக்கிறேன். இனிமேல் வருகிற அம்மா, அவருடைய கணவர், தூண், போன் எல்லாம் என் கைச்சரக்கு. அலுத்துப்போய்விட்டது. இன்று எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "முப்பத்தைந்து ஆண்டுகள் கண்ணாடி சுமந்த அந்த வண்டி, வெயிலில் ஒரு கிழட்டு யானையைப் போல—"

வேண்டாம். வண்டியை யானையாக்கி எழுதியவர்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "டிங்கரின் கைகளுக்கென்று தனியாக ஒரு மூளை இருந்தது." இது தேவலை. ஆனால் மூட்டை முழுவதையும் வாசலிலேயே அவிழ்த்துவிடுகிறது.

மூன்றாவது தொடக்கத்தை என் அக்காவிடம் படித்துக் காட்டினேன். நான் எழுதுவதையெல்லாம் முதலில் கேட்கும் பாவம் அவளுக்கு. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா தேய்ச்சுத் தேய்ச்சு வழவழன்னு பண்ணி வெச்சிருக்க. கை நிக்கவே மாட்டேங்குது," என்றாள். அதனால் இந்த முறை அடித்தவற்றையும் பாதியில் விட்டவற்றையும் அப்படியே விட்டுவைக்கிறேன். (டிங்கர் வேலைக்கும் எழுத்து வேலைக்கும் உள்ள ஒற்றுமையை நான் சொல்லப்போவதில்லை. நீங்களே சொல்லிக்கொண்டாயிற்று, போதும்.)

நேராகவே சொல்கிறேன்.

3

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. அவரும் கணவரும் சேர்ந்து கண்ணாடிக் கடை நடத்தினார்கள். ஜன்னலுக்கு, அலமாரிக்கு, முகம் பார்ப்பதற்கு. பிக்கப்பின் பின்னால் மரச்சட்டம் அடித்து, கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்தி, ஊரெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தவர் கணவர். ஒரு கண்ணாடிகூட வழியில் விரிசல் கண்டதில்லை என்று கேட்பவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார். கடையை மூடி ஆறு வருடமாகிறது. வண்டி முற்றத்திலேயே நின்று நின்று, தரைத்தகடு துருவில் உதிர்ந்து, உள்ளே உட்கார்ந்தால் செருப்பு மண்ணைத் தொடும் என்கிற நிலைக்கு வந்துவிட்டது.

அதை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு அம்மா பட்டறைக்கு வந்தார். தரை மாற்ற வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், சீட்டு மெத்தென்று இருக்க வேண்டும். பக்கத்து சீட்டில் ஏற ஒரு படி, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்கக் கூடாது.

டிங்கர் நிமிர்ந்து பார்த்தார். குழந்தைக்கா என்று கேட்டார்.

கணவருக்கு என்றார் அம்மா. ஐயாவுக்கு மறதி நோய். ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிடுவார்.

நிறம் பற்றிப் பேச்சு வந்தது. பழைய பெயின்ட்டை ஐயா நீலம் என்பாராம், அம்மா பச்சை என்பாராம். டிங்கர் உற்றுப் பார்த்தார். இரண்டுமாகத்தான் இருந்தது. அதே மாதிரி கலக்கிவிடுகிறேன் என்றார்.

பிறகு அம்மா டிங்கரைப் பக்கத்து சீட்டுக் கதவுக்கு அழைத்துப்போனார். கைப்பிடிக்குக் கீழே ஓர் ஒடுக்கு. ஒரு கையை அகல விரித்து வைத்தால் அடங்குகிற அளவு.

"இதை மட்டும் தொடக் கூடாது தம்பி."

ஏன் என்று டிங்கர் கேட்கவில்லை. அம்மாவே சொன்னார்.

"அவருக்கு என் பேர் மறந்துபோச்சு. சமையலுக்கு வந்த ஆளுன்னு நெனச்சுக்கிறார். ஆனா சாயங்காலம் முற்றத்துக்குக் கூட்டிட்டுப் போனா, கை நேரா இங்க வந்துடும். 'நீதானே இடிச்ச'ம்பார். 'நான் இல்ல, நீங்கதான்'ம்பேன். 'கண்ணாடி வண்டி ஓட்டுறவன் கேட்டுத் தூண்ல இடிப்பானா'ன்னு கேப்பார். பத்து நிமிஷம் சண்டை. அந்தப் பத்து நிமிஷம் நான் அவர் பொண்டாட்டி."

போன மாதம் துருப்பிடித்த தகடு ஐயாவின் காலைக் கிழித்துவிட்டது. காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றான் மகன். அதற்கு இதைச் செப்பனிடுவதே மேல் என்று அம்மா கிளம்பி வந்துவிட்டார்.

[இந்தச் சண்டை எங்கள் வீட்டிலிருந்து எடுத்தது. எங்களுக்கு அது ஒரு தண்ணீர்க் குழாய். யார் மூடாமல் போனது என்று நானும் என் கணவரும் பத்தொன்பது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். தீர்ப்பு வந்துவிட்டால் அப்புறம் என்ன பேசுவோம் என்று சில நாள் எனக்குப் பயமாகக்கூட இருக்கும்.]

4

டிங்கர் மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இவ்வளவு சொல்லியும் ஒரு மனிதர் அந்த ஒடுக்கை எடுப்பாரா? முதல் வரைவில் அவரைக் குடிகாரராக ஆக்கிப் பார்த்தேன். இரண்டாம் வரைவில் திமிர் பிடித்தவர். இரண்டும் ஒட்டவில்லை. எனக்கு அந்த நாலு வரியைச் சொன்ன மனிதர், நான் பார்த்த வரையில், வேலையில் கெட்டி. கெட்டிக்காரர் செய்கிற தப்பு என்று ஒன்று உண்டே, அதைத்தான் தேடினேன்.

அவர் ஒடுக்கைச் சுற்றி நாலு பக்கமும் பேப்பர் டேப் ஒட்டி, பட்டையாகத் "தொடாதே" என்று எழுதிவைத்தார். வேலை இரண்டு மாதம் இழுத்தது. அழுகிய தரையை வெட்டி எடுத்து வெல்டிங் வைத்தார். கதவுகளைக் கழற்றித் தனியாகத் தொங்கவிட்டார். பழைய பெயின்ட்டை மருந்து பூசி உரித்தபோது, அதோடு டேப்பும் உரிந்து குப்பைக்குப் போயிற்று.

தகடு சமமா என்று டிங்கர்கள் கண்ணால் பார்ப்பதில்லை. கண் ஏமாற்றும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார்கள். பள்ளம் தட்டுப்பட்ட இடத்தில் வெளியே தாங்கு இரும்பை வைத்து, உள்ளேயிருந்து மெல்ல மெல்லத் தட்டுவார்கள். முப்பது வருடமாக அந்தக் கை பள்ளத்தைக் கண்டால் மேடாக்கியிருக்கிறது. வேறொன்றும் அதற்குத் தெரியாது.

கதவுகளைத் தட்டிய அன்று காலை டிங்கருடைய மனைவி போனில் இருந்தாள். போன் ஜன்னல் விளிம்பில், சத்தம் கூட்டி வைத்திருந்தது. "ஒரு தடவை சொன்னா உங்களுக்கு மண்டையில ஏறாதா? சொல்றது எதையாவது காதுல வாங்குறீங்களா?" என்று தொடங்கியது இருபத்தைந்து நிமிடம் ஓடிற்று. டிங்கர் இடையிடையே "ம்" போட்டுக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார். அவள் போனை வைத்தபோது கதவும் முடிந்திருந்தது.

உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசத் தேவையில்லை. உப்புத்தாள்கூட ஒப்புக்குத்தான். தன் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஓர் ஒடுக்கை எடுத்ததில்லை என்று ஒரு நிமிடம் பூரித்துப்போய் நின்றார்.

அப்புறம்தான் அது எந்தக் கதவு என்று பார்த்தார்.

5

இங்கே வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. முடிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

ஒன்றில், வண்டி தயாராவதற்குள் ஐயா இறந்துவிடுகிறார். எழுதினேன், அழுதேன், அடித்தேன். கதை நகராவிட்டால் ஆளைக் கொன்றுவிடுவது எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம்.

இன்னொன்றில், டிங்கர் அதே ஒடுக்கைத் திரும்பப் போட்டுவிடுகிறார், யாருக்கும் தெரிவதில்லை. வேலை தொடங்குமுன் அந்தக் கதவை எடுத்த படம் அவருடைய போனில் இருந்தது. ஆனால் அவருடைய கை அதற்குச் சம்மதிக்கவில்லை. பட்டறையில் கிடந்த மூன்று பழைய கதவுகளை எடுத்து, மணல் மூட்டை வைத்தும் மரச்சுத்தியல் வைத்தும் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு ஒடுக்கும் கிண்ணம் கவிழ்த்த மாதிரி அழகாக விழுந்தது. ஒடுக்கு எடுக்கத் தெரிந்த கைக்கு விகாரமாக ஒடுக்கத் தெரியவில்லை. ஐயாவின் கை இருபத்துநாலு மணி நேரத்தில் இருபத்துமூன்றே முக்கால் மணி நேரம் எதையும் அறியாது. ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் அதை ஏமாற்ற முடியாது என்று டிங்கருக்குத் தெரியும்.

இரண்டு ராத்திரி தூங்காமல்—

(இல்லை, நன்றாகத் தூங்கினார். உடம்பு வேலை செய்கிறவர்கள் குற்ற உணர்ச்சியோடும் தூங்கிவிடுவார்கள். எழுந்ததும்தான் அது மேலே வந்து உட்காரும்.)

மூன்றாம் நாள் அம்மாவைப் பட்டறைக்கு வரச் சொன்னார்.

6

அம்மா கதவை மூன்று முறை தடவினார். நான்காம் முறை தடவவில்லை.

இந்த இடத்தில் அவர் கத்த வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் அது நான் கத்துவதாக இருந்தது. ஆறு வருடமாக ஒருவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, தேடிப் பிடித்துக் கூட்டிவருகிறவருக்குக் கத்துவதற்கு எங்கே தெம்பு? கால் ஆடும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"நல்ல வேலை தம்பி," என்றார். அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது டிங்கருக்கு.

"திரும்பப் போட்டுப் பாத்தேம்மா. வரல. எவ்வளவு வேகத்துல வந்துது, எவ்வளவு திருப்பினாங்க, அதெல்லாம் இடிச்சவங்களுக்குத்தான் தெரியும்."

அம்மா தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரைத் தரையில் வைத்தார்.

"தெரியும்," என்றார்.

டிங்கருக்கு அது உறைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

"கடைச் சாவிய மறந்துட்டேன்னு வீட்டுக்குத் திரும்பி வந்து, அவசரத்துல கேட்டுல சீக்கிரமா திருப்பிட்டேன். அவர் குளிச்சிட்டு இருந்தார். கேட்டப்போ பயத்துல இல்லன்னுட்டேன். அப்புறம் அதுவே பழகிப்போச்சு. முப்பத்தோரு வருஷம்." டம்ளரை எடுத்துக் கொடுத்துவிட்டு, "யார்கிட்டயும் சொன்னதில்ல," என்றார்.

பெயின்ட் காய்ந்ததும் வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்துவிடச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

7

டிங்கரே கொண்டுவந்தார். பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல் வண்டி முற்றத்தில் பளபளவென்று நின்றது. அம்மா ஐயாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். ஐயாவின் கை வழக்கம்போல நேராகக் கதவுக்குப் போயிற்று. தடவியது. மேலே போயிற்று, கீழே வந்தது, கைப்பிடி வரைக்கும் போய்த் திரும்பியது. டிங்கர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வண்டி நல்லா இருக்குங்க," என்றார் ஐயா அம்மாவிடம், மரியாதையாக. "உங்களோடதுங்களா?"

அம்மாவின் முகம் ஒரு தடவை சுருங்கி விரிந்தது. கதவைத் திறந்துவிட்டார். புதுப் படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, யார் உதவியும் இல்லாமல் ஐயா ஏறி உட்கார்ந்தார். டிங்கர் கதவைச் சாத்தினார். அம்மா சுற்றிப்போய் ஓட்டும் சீட்டில் ஏறினார்.

வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. கேட்டைப் பார்த்து நடை வேகத்தில் நகர்ந்தது. ஐயா ஜன்னலுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையால் கதவைத் தடவிக்கொண்டே இருந்தார். கேட்டுத் தூண் இன்னும் முன்னால் இருக்கும்போதே அம்மா திருப்ப ஆரம்பித்ததை டிங்கர் பார்த்தார். இவ்வளவு சீக்கிரம் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கதவு தூணில்தான் போய் நிற்கும். அது தெரியாமல் திருப்புகிறவர் இல்லை அம்மா. தன் வாழ்நாளின் மிகச் சிறந்த வேலை தூணை நோக்கிப் போவதை டிங்கர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய உள்ள எடுங்க," என்றார் அம்மா.

ஐயா எடுக்கவில்லை.

"கைய உள்ள எடுங்கன்னா!" இது முற்றத்துச் சண்டையில் வரும் பழைய குரல்.

ஐயா கையை உள்ளே எடுத்தார். தூணைப் பார்த்தார். திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"நீ பாத்து ஓட்டு," என்றார். "இடிச்சுட்டு அப்புறம் நான்தான்னு சொல்லக் கூடாது."

8

எட்டு மாதமாக இந்த இடத்தில்தான் நிற்கிறேன். கதவுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சாண். அம்மாவின் கால் பிரேக்கின் மேல் இருக்கிறது, இன்னும் அழுத்தவில்லை.

பிரேக் போட்டுவிடலாம். ஒடுக்கே இல்லாமல் சண்டை வந்துவிட்டதே. ஆனால் இது இன்றைக்கு வந்தது. நாளைச் சாயங்காலம் அந்தக் கை வழவழப்பான கதவைத் தடவிவிட்டு, வண்டி உங்களோடதுங்களா என்று மறுபடி கேட்டால் அம்மா என்ன செய்வார்? சரி, மோதிவிடலாம் என்றால், முப்பத்தோரு வருடம் இல்லை இல்லை என்று சொன்னவர் இப்போது ஐயாவின் கண்ணெதிரே மோத வேண்டும். ஐயாவே சாட்சி. தீர்ப்பு வந்துவிட்டால் அப்புறம் சண்டைக்கு எங்கே போவது? ஐயா அதையும் மறந்துவிடுவார், கவலைப்படாதே என்கிறாள் அக்கா. அவள் சொல்வது ஆறுதலா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

டிங்கரையே கேட்டுவிடலாம் என்று போன வாரம் பட்டறைக்குப் போனேன். யாரோ ஒருவருடைய கதவைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிக்கொண்டிருந்தார். தொந்தரவு செய்யாமல் திரும்பிவிட்டேன்.

எனக்கு முடியவில்லை. நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன், அம்மாவின் சீட்டு உங்களுக்கு. ஐயாவின் கை பத்திரமாக உள்ளே இருக்கிறது, அதை மட்டும் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், "நீ" என்று கூப்பிட்ட முகத்தோடு. இன்னும் ஒரு சாண் இருக்கிறது. இனி பிரேக் உங்கள் காலடியில்.