தொடுவதற்கு முன் டெஸ்டர்

...ஆமாம், பதினெட்டு வருஷமாக ஒரு குரலை நம்பித்தானே லிஃப்ட் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தான், மேலே மோட்டார் அறையிலிருந்து கூட்டாளி, பல்லி என்று பட்டப்பெயர், "கரண்ட் ஆஃப் பண்ணியாச்சுண்ணே" என்று கத்துவான், இவன் "சரி" என்பான், உயிருக்கு அவ்வளவுதான் உத்தரவாதம், கம்பெனி மூன்று வாரப் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்பாமல் இருந்திருந்தால் அதில் கோளாறு இருப்பதாகக் கனவிலும் தோன்றியிருக்காது... அங்கே அந்தப் பயிற்சிக்காரம்மா, இவன் தோள் உயரம்கூட இல்லை, மெயின் சுவிட்சைத் தன் கையாலேயே அணைத்து, பூட்டு மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்ட பிறகும் கம்பியில் கரண்ட் மிச்சமிருக்கிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். நீங்கதானே ஆஃப் பண்ணீங்க, அப்புறம் என்ன சந்தேகம் என்று அரைகுறை இங்கிலீஷில் கேட்டான், அவள் டெஸ்டரை இவன் கையில் கொடுத்தாள், நீயும் பார் என்பதுபோல. அன்றைக்கு என்னவோ அவமானமாக இருந்தது. இன்றைக்கு இவனே நான்கு மாடி ஏறிப் போய் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு வந்தான், பல்லி விடுவானா, "என்னண்ணே, வெளிநாடு போயிட்டு வந்ததும் உயிர் மேல ஆசை வந்துடுச்சா?" அதுதானே, இத்தனை நாள் ஏன் வரவில்லை?

குழிக்குள் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கத் துடைக்க காலையில் வீட்டில் நடந்தது திரும்பத் திரும்ப வருகிறது, மனைவி குளியலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், "என்னம்மா?" என்றான், "ஒண்ணுமில்ல, நீங்க கிளம்புங்க, நேரமாகுது," இவன் "சரி" என்றான், பையை எடுத்தான்... அதே சரி. மாமனார் செத்துப் பதினாறாம் நாள் கேட்டபோதும் ஒண்ணுமில்ல, வெளிநாட்டிலிருந்து தினமும் போன் பண்ணியபோதும் ஒண்ணுமில்ல, உடனே இவன் அந்த ஊர் அதிசயங்களை அரைமணி நேரம் அளந்துகொண்டிருந்தான், வாய் மட்டும் இல்லாவிட்டால் நாய் கூடச் சீந்தாது. திரும்பி வந்த அன்று கதவைத் திறந்தாளே, கையைத் தூக்கியதும் வளையல் முழங்கை வரை இறங்கி ஓடியது, இளைத்துவிட்டாளே என்று பார்த்தான், பிறகு பெட்டியைத் திறக்கும் சந்தடியில் மறந்தும் போனான். தினம் பார்க்கிற கண்ணுக்கு இளைத்தது தெரியாதாம், அப்படியென்றால் இந்த மூன்று வாரத்தில்தான் இளைத்தாளா, இல்லை, மூன்று வாரம் பார்க்காமல் இருந்ததால்தான் இவனுக்குத் தெரிந்ததா? குழியிலிருந்து ஏறி வந்து, கையைக்கூடத் துடைக்காமல் போன் போட்டான்.

"என்னங்க, இந்த நேரத்துல?" பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம். காலையில் தலை சுற்றியதா என்று கேட்டான். "ஒண்ணுமில்லங்க." உதடு வரை வந்துவிட்ட சரியை விழுங்கிக்கொண்டு, "இல்லம்மா, நிஜமா சொல்லு, நான் லைன்லதான் இருக்கேன்" என்றான்... அவள் குழாயை மூடுவது கேட்டது, கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அந்த ஒண்ணுமில்லைக்கு மேல் அவள் என்ன சொல்வாள் என்று தனக்குத் தெரியவே தெரியாதே...