அடித்துவிட்ட வரி

தாம்பரம் பதிவு அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேசை போட்டிருந்த பத்திர எழுத்தர் வேதாசலத்துக்கு ஒரு கர்வம் உண்டு. தான் எழுதிய பத்திரம் இதுவரை கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை என்பார். கிரயமோ, செட்டில்மெண்டோ, பாகப்பிரிவினையோ, எது வந்தாலும் மாதிரி பார்க்காமல் எழுதுவார். வக்கீல்களே தன்னிடம் சந்தேகம் கேட்டு வருவதாகவும் சொல்லிக்கொள்வார். அப்படி யாரும் வந்து நாம் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு நல்ல வழக்கம் வைத்திருந்தார். வெள்ளைத்தாளில் எழுதிய நகலை முதலில் உரக்கப் படித்துக் காட்டுவார். எழுதிக் கொடுப்பவர் "சம்மதம்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் முத்திரைத்தாளில் ஏற்றுவார். தலையாட்டினால் போதாது.

எண்பத்தாறில் மேடவாக்கத்திலிருந்து செல்வமேரி வந்தாள். ஆஸ்பத்திரி ஆயா. புருஷன் போன பிறகு வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி மூன்று சென்ட் மனை வாங்கி ஓட்டுவீடு கட்டியிருந்தாள். ஒரே மகன் அசரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பேரில் வீடு இருந்தால்தான் பெண் தருவோம் என்று பெண் வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"உயில் எழுதலாமே" என்றார் வேதாசலம். உயில் என்றால் அவள் காலத்துக்குப் பிறகுதான் வீடு மகனுக்குப் போகும். மனசு மாறினால் மாற்றியும் எழுதலாம். செட்டில்மெண்ட் பதிந்துவிட்டால் அன்றோடு வீடு கைமாறிவிடும். கூட வந்திருந்த சம்பந்திக்கு உயில் பிடிக்கவில்லை. சரி, செட்டில்மெண்டே என்று எழுதினார். எழுதும்போது தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். படித்துக் காட்டுகையில் அந்த வரி வந்தது.

"மேற்படி வீட்டின் பின்புற அறையில் என் ஆயுள் பரியந்தம் யாதொரு தடையுமின்றி நான் வசித்து வர எனக்குப் பாத்தியமுண்டு."

சம்பந்தியின் முகம் சுண்டிப் போயிற்று. அசரியா தரையைப் பார்த்தான்.

"இன்னா சார் இது?" என்றாள் செல்வமேரி. "என் புள்ள என்னத் தொரத்திடுவான்னு நானே எழுதிக் குடுக்கற மாரி கீது. அந்த வரிய அடிச்சுடுங்க."

"ஒரு பாதுகாப்புக்குத்தாம்மா."

"பெத்த புள்ளகிட்ட இன்னா சார் பாதுகாப்பு?"

அவர் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம். பதிவாளர் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவாரே என்ற அவசரம். அடித்துவிட்டார். அடித்த கையோடு, அவளைத் தேற்றுவதாக நினைத்து ஒன்று சொன்னார்.

"கவலைப்படாதீங்கம்மா. அப்படியே நாளைக்கு ஏதாவது ஆனாலும் மகன் சொத்துல தாய்க்குப் பங்கு உண்டு. சட்டமே இருக்கு."

"சம்மதம் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள் செல்வமேரி.

எட்டு வருஷம் கழித்து அவள் திரும்பி வந்தபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பேர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அசரியா அம்மாவை ஒரு நாளும் மனம் நோக விட்டதில்லை. போன ஆடியில் மஞ்சள் காமாலை வந்து பதினோரு நாளில் போய்விட்டான். இப்போது மருமகள் மெட்டில்டாவின் அண்ணன் குடும்பத்தோடு அங்கே வந்து தங்கியிருந்தான். பின்னறை அவனுக்கு வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சாமானை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"எனக்கு ஆருகிட்டயும் பேஜார் வேணாம் சார்" என்றாள். "என் பங்க பேத்தி ஜெயசீலி பேருக்கே விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துடறேன். அதுல அந்த ஒரு வரிய மட்டும் போட்டுடுங்க. அன்னிக்கு அடிச்சமே, அந்த வரி. பின்னாடி ரூம்ல நான் இருந்துக்கினா போதும்."

வேதாசலம் பேனாவைத் திறந்தார். 'காலஞ்சென்ற அசரியாவின் தாயார் செல்வமேரி' என்று எழுதினார். எழுதிய பேரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கும் பொருந்துமா என்று சந்தேகம் தட்டியது. "இரும்மா, வரேன்" என்று எழுந்து, நாலு மேசை தள்ளியிருந்த வக்கீல் ராஜகோபாலனிடம் போனார். சந்தேகம் கேட்டு அவர் வக்கீலிடம் போனது அன்றுதான்.

"இந்துவா இருந்தா தாய்க்குப் பங்கு உண்டு சார்" என்றார் ராஜகோபாலன். "கிறிஸ்தவங்களுக்கு வாரிசுச் சட்டமே வேற. பெண்டாட்டி, குழந்தை இருந்தா தாய்க்கு ஒண்ணும் வராது. இத்தனை வருஷமா எழுதறீங்க, இது தெரியாதா?"

தெரியாது. முப்பது வருஷமாகத் தெரியாது. தெரியாத ஒன்றை அத்தனை நிச்சயமாகச் சொல்லி ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

திரும்பி வந்து நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நாற்காலியில் உட்கார அவருக்கு மனம் வரவில்லை.

"அப்போ எனக்குப் பங்கே இல்லியா?"

"இல்லம்மா."

"குடுக்கறதுக்குக்கூட எங்கிட்ட ஒண்ணும் இல்லியா சார்?"

அவர் பேனாவை மூடினார். "என் தப்பும்மா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மருமககிட்ட நானே வந்து பேசறேன்" என்றார்.

"நீங்க இன்னா சார் பண்ணுவீங்க? நீங்க நல்லாத்தான் எழுதினீங்க. நான்தான அடிக்கச் சொன்னேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தத் தாளு கீதா சார்?" என்று கேட்டாள்.

இருந்தது. நகல்களை வருஷவாரியாகக் கட்டித் தகரப்பெட்டியில் போட்டு வைப்பது அவர் பழக்கம். எண்பத்தாறாம் வருஷக் கட்டைப் பிரித்து எடுத்தார். அந்த வரியின் மேல் ஒரே கோடுதான் போட்டிருந்தார். எழுத்து நன்றாகத் தெரிந்தது.

"ஒரு தபா படிங்க."

படித்தார். வழக்கம்போல உரக்கப் படிக்கத்தான் பார்த்தார். ஆயுள் பரியந்தம் என்ற இடத்தில் நின்றுவிட்டார். விரலை அந்த வரியில் வைத்து மீதியையும் படித்து முடித்தார். செல்வமேரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பூசையில் நிற்கிற மாதிரி கை கட்டி நின்று கேட்டாள்.

"சம்மதம் சார்" என்றாள்.