கிளவுஸ் பந்தல்

பழைய ஜோடியைக் கொடுத்தால்தான் புது ஜோடி. ஓசூர்த் தொழிற்பேட்டையில் மணிமேகலை ஸ்டோர் பார்க்கும் கம்பெனியில் கிளவுஸுக்கு இதுதான் சட்டம். ஒவ்வொன்றின் மணிக்கட்டிலும் போட்டவருடைய டோக்கன் நம்பர் இருக்கும். கிழிந்தவற்றைக் குப்பைக்கு அனுப்பவேண்டியவள், இரண்டு வருஷமாக அலசிக் காயவைத்து அட்டைப்பெட்டிகளில் ஒளித்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பாள்.

ஆயுத பூஜை வந்தது. மற்ற பிரிவுக்காரர்கள் வாழைமரத்துக்கும் சீரியல் செட்டுக்கும் அலைய, இவள் நானூறு கிளவுஸ்களில் பஞ்சை அடைத்து, கம்பிவலையில் தைத்து, ஷெட்டின் உச்சியில் கட்டவைத்தாள். விரல்களெல்லாம் கீழே பார்த்தன. மின்விசிறியைப் போட்டதும் நானூறு கைகளும் மெல்ல அசைந்தன. பிரஸ் மெஷின்கள் ஓய்ந்திருந்த அந்தக் காலையில், தூக்கத்தில் யாரோ தலையைக் கோதிவிடுவதுபோல் இருந்தது.

"என்னாம்மா இது, உரிச்ச தோலாட்டம் தொங்குது!" என்றார் சூப்பர்வைசர் மாதேஸ்வரன். சொன்னவரே அடுத்த நிமிஷம் கழுத்தை வளைத்துத் தன் நம்பரைத் தேடினார். எல்லோரும் தேடினார்கள். வேலைக்கு வந்த இடம் என்பதையே மறந்து, அண்ணாந்தபடி ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நடந்தார்கள்.

மணிமேகலை மட்டும் கணவன் முத்துமணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் இதே ஷெட்டில் அவன் வலது கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் பிரஸ் தின்றுவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கை பேன்ட் பாக்கெட்டுக்குள்தான் குடியிருந்தது. வீட்டில் அவளிடம்கூடக் காட்டமாட்டான். அதை ஒருமுறை பிடித்துக்கொள்ள அவள் ஏங்கிப்போயிருந்தாள். விபத்துக்கு முந்தின வாரம் அவன் மாற்ற வந்த கிளவுஸைத்தான் முதலில் ஒளித்திருந்தாள். இங்கேயாவது முழுசாக இருக்கட்டும் என்று ஐந்து விரலிலும் பஞ்சைத் திணித்து, தணிவாகவே தைத்திருந்தாள்.

முத்துமணி தன் நம்பரான 117-இன் அடியில் நின்றுவிட்டான்.

"யாரு கை இது?"

"ஒங்க கைதாங்க."

"எங் கை இப்பிடியா இருக்கு? நீயே சொல்லு மேகலா."

ஆசையாகச் செய்தது அவனை எப்படிக் குத்தியிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "கழட்டிருதேங்க," என்றாள்.

"நீ இரு."

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். இடது கை கம்பிவலையைப் பிடித்துக்கொண்டது. வலது கை, அத்தனை பேர் முன்னிலையில், பாக்கெட்டை விட்டு வெளியே வந்தது. மூன்று விரல்களால் கிளவுஸைப் பிதுக்கி, இரண்டு விரல்களிலிருந்த பஞ்சை மட்டும் உருவி எடுத்தான். கனம் போன அந்த இரண்டு விரல்களும் மற்ற எல்லாவற்றையும்விடத் துள்ளி ஆடின. அவனே அதைக் கொஞ்சநேரம் வேடிக்கை பார்த்தான்.

கீழே இறங்கியபோது மாதேஸ்வரன் பொரித்தட்டோடு வந்தார். முத்துமணி வலது கையை நீட்டினான். பொரி ஓரமாகச் சரிந்து கொட்டியது. மணிமேகலை சட்டென்று தன் இரு கைகளாலும் அந்தக் கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

"இன்னுங் கொஞ்சம் போடுங்க சார்," என்றான்.