உமிக்குள் ஒரு ஏரி

சத்தியம் பண்ணக்கூடாது என்று வேதப்புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே கையைத் தூக்காமல், சாட்சிக்கு யாரையும் கூப்பிடாமல், வெறும் வாயால் உறுதி சொல்லிவிடலாம்: இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பனிக்காலத்தில், இமயமலையில் உறைந்து கிடக்கும் ஓர் ஏரிக்கு, விழிஞ்ஞம் சத்தியதாஸ் தன் சொந்தக் காலால் நடந்து போனார். போனதற்குக் காரணம் அவர் மனைவி பிரிஸில்லா.

அவர் சொல்லும் எதையும் அவள் நம்புவதில்லை. போன மழைக்காலத்தில் கிணற்றுச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்று சொன்னார். "ஓ, பின்னே" என்றாள் தேங்காய் திருகியபடி. மறுநாள் சுவர் அவளுடைய துவைகல்லையும் கூட்டிக்கொண்டு கிணற்றுக்குள் போயிற்று. அதற்கும் குற்றவாளி அவர்தான்.

"ஆமை ஒண்ணு வள்ளத்த கொல்லம் வர இழுத்துட்டுப் போச்சுண்ணு சொன்ன வாயாக்கும் இது. அதே வாயால சுவரையும் சொன்னா, நான் எதுல எதைப் பிரிச்செடுக்க?"

அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவரை அதிகம் எரிச்சல்படுத்தியது. கண்ணை மூடுவதற்குள் ஒரே ஓர் உண்மையையாவது அவளை நம்ப வைத்துவிட வேண்டும் என்று வைராக்கியம் பிடித்துக்கொண்டது. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகள் பிஜி, ஆபீஸ் கூட்டாளிகளோடு ஜனவரியில் அந்த ஏரிக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் இவரும் கிளம்பிவிட்டார். துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். சாட்சிக்கு என்ன கொண்டுவர வேண்டும், எப்படிக் கொண்டுவர வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மீன் ஏற்றும் தெர்மோகோல் பெட்டி ஒன்றில் உமியை நிரப்பி, ஐஸ் குத்தும் கம்பியை அதற்குள் புதைத்து, கயிறு போட்டுக் கட்டினார்.

மலையடிவாரத்திலேயே தொல்லை தொடங்கியது. வாடகைக்குக் கிடைத்த பூட்ஸ் இரண்டும் இடதுகாலுக்கானவை. காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காமல் அவர் வாசலைத் தாண்டியதில்லை.

"அப்பா, எண்ணெ வேண்டாம், அங்க கட்டியாயிரும்."

"எண்ணெ இல்லாத்த தலையோட எறங்குனா பனி எறங்கும் மக்கா. உனக்கு அறியாது."

முதல் ஏற்றத்திலேயே எண்ணெய் உறைந்து தலைமுடி ஒரே வார்ப்பாக இறுகிவிட்டது. தேவதாரு கிளையிலிருந்து ஓர் ஐஸ் பாளம் நேராக அவர் உச்சியில் விழுந்து, இரண்டாக உடைந்து, பக்கத்துக்கு ஒன்றாகப் போயிற்று. அவருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பிஜி அப்போது பார்த்து எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தாள். பிளாஸ்கிலிருந்து ஊற்றிய சாயா கோப்பைக்கு வந்து சேருவதற்குள் அந்தரத்திலேயே கம்பியாக உறைந்தது; அவர் அதை ஒடித்துச் சப்பிக்கொண்டே நடந்தார். போட்டோ எடுக்கச் சொன்னால் குளிரில் போன் செத்துக் கிடந்தது. மெய்யான காரியங்கள் நடக்கும் நேரம் பார்த்து ஒரு சாட்சிகூட உருப்படியாக இல்லாமல் போவது என்ன விதி என்று அவருக்குப் பொருமலாக வந்தது.

மேலே போய்ச் சேர்ந்தபோது மைதானம் ஒன்றுதான் இருந்தது. மாவு கொட்டிப் பரப்பியது போல ஒரே வெள்ளை.

"ஏரி எங்க மக்கா?"

"நீங்க நிக்குதது ஏரிக்க மேலயாக்கும் அப்பா."

சத்தியதாஸுக்கு அழுகையே வந்துவிட்டது. இதற்கா இவ்வளவு தூரம்? விழிஞ்ஞத்து ஐஸ் கம்பெனியில் இதைவிட நல்ல ஐஸைக் காலால் தள்ளியிருக்கிறார். முட்டி போட்டு இரண்டு கையாலும் பனியை வாரி எறிந்தார். அடியில் கண்ணாடி போல, பச்சை பாய்ந்த ஐஸ். அதற்கும் அடியில் ஒரு மீன், திரும்பிப் பார்த்த வாக்கில் அப்படியே நின்றிருந்தது. பிரிஸில்லா பார்ப்பது போலவே பார்த்தது.

"பிஜி! ஓடி வா!"

அவள் வருவதற்குள் ஒரு காற்று அடித்து அந்த இடத்தைப் பனியால் மூடிவிட்டது. தோண்டிய இடம் எது என்று அவருக்கே தெரியவில்லை. "செரி அப்பா, மீன்தானே, நான் நம்புதேன்" என்றாள் பிஜி, நம்பாத குரலில், தாயைப் போலவே. அவர் கம்பியை எடுத்துக் குத்தத் தொடங்கினார். வழிகாட்டி இந்தியில் கத்தினான். தலையணை அளவுக்கு ஒரு பாளம் பெயர்ந்து வந்ததும் உமிக்குள் புதைத்துக் கட்டினார்.

ரயிலில் அந்தப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. நாக்பூரில் சொட்டத் தொடங்கியது. விஜயவாடாவில் எதிர் இருக்கைக்காரர் காலைத் தூக்கிக்கொண்டார். பாலக்காடு தாண்டியபோது பெட்டி கனமே இல்லாமல் இருந்தது. அவர் திறந்து பார்க்கவில்லை; திறந்தால் சூடு உள்ளே போகும்.

வீட்டுக்கு வந்து அடுக்களையில் வைத்துக் கயிற்றை அறுத்தார். பிரிஸில்லா சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உமி கூழாகக் கிடந்தது. கையை விட்டு அடிவரை துழாவினார். கடைசியில் விரலில் தட்டுப்பட்டது, நெல்லிக்காய் அளவுக்கு ஒரு துண்டு. பச்சை நிறம் அப்படியே இருந்தது. உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"பிடி பிள்ளே, பிடி. ஏரியாக்கும். சீக்கிரம்!"

அவள் பார்த்தாள். முதல் தடவையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"கையெல்லாம் செதிலு. கழுவீட்டு வாறேன், நில்லுங்க."

குழாய் காற்றைத் துப்பியது. பிறகு நூலாகத் தண்ணீர் விட்டது. அவள் சோப்பு போட்டு, முழங்கைவரை கழுவி, முந்தானையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அவர் கையை நீட்டியபடியே, மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றார். மூச்சும் சூடுதானே.

"எங்க?" என்றாள் வந்து.

அவர் ஈரக் கையைக் காட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வேர்வையாக்கும்" என்றாள்.

பிஜி அந்த மலைக்குப் போயிருந்த நாளெல்லாம் சத்தியதாஸின் வலதுகால் தொடைவரை மாவுக்கட்டோடு வீட்டுக் கட்டிலில் நீட்டிக் கிடந்தது.