குடிசைக்குள் போன இரும்பு

ஆற்றுமுகத்துத் தீவின் காந்தக் குடிசைக்குள் இரும்பு நுழையக் கூடாது. கதவுக் கீல்கூடப் பித்தளைதான். இருபத்திரண்டு வருடமாக ஜுராந்திர் வாராவாரம் சாவியையும் கத்தியையும் வாசலில் தொங்கும் சுரைக்குடுவையில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போய், பூமியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அளந்து எழுதுவார். தென் அட்லாண்டிக் பக்கம் அந்தப் புலம் தலைமுறை தலைமுறையாக மெலிந்துகொண்டு வருகிறது. அவர் எழுதும் எண்கள் அதற்குச் சாட்சி.

மூன்று மாதமாக அந்த எண்கள் தாறுமாறாகத் துள்ளின. என்ன கோளாறு என்று பார்க்க ரியோ ஆய்வகத்திலிருந்து விஞ்ஞானி எலோயிசா படகேறி வந்துவிட்டாள். காலையில் அவள் அளந்தாள், சரியாக வந்தது. அடுத்து ஜுராந்திர் அளந்தார், பிசகியது. மறுபடியும் அதே கதை. மனுஷன் முகம் செத்துப்போயிற்று.

"கண்ணுல ஏதும் கோளாறா அண்ணே?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிற கொக்கை எண்ணிச் சொல்லட்டுமா, டாக்டரம்மா?"

"கோவிச்சுக்காதீங்க. மேலிடத்துல உங்களக் கரைக்கு மாத்திடலாம்னு பேசுறாங்க. நான்தான் பாத்துட்டு வந்து சொல்றேன்னேன்."

அசாயீப் பழக்கூழ்க் கிண்ணங்களோடு வந்த அவர் மனைவி தெயுசரீனா அப்படியே நின்றாள். அந்தத் தீவில்தான் அவள் நான்கு பிள்ளைகளைப் பெற்றாள். கரையில் அவர்களுக்கு ஒரு சாண் இடம் கிடையாது.

"யோவ், கால்சட்டையக் கழட்டு."

"அடியே, டாக்டரம்மா நிக்கிறாங்க!"

"அவங்க பாக்காததா? சரி, இடுப்புப் பட்டியையாவது திருப்பு."

பட்டியின் உள்மடிப்பில் நசாரே மாதாவின் சின்னப் பதக்கம் இருந்தது. மார்ச் மாதம் படகு கவிழ்ந்து அவரைக் குற்றுயிராகத் தூக்கி வந்த மறுநாளே, அவருக்குத் தெரியாமல் எல்லாக் கால்சட்டையிலும் ஒன்று ஒன்று வைத்துவிட்டாள்.

"இரும்பு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு பதக்கமா ஃபிரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்த வெச்சுப் பாத்தேன். ஒண்ணுகூட ஒட்டல!"

எலோயிசா குனிந்து பார்த்தாள். பதக்கம் அலுமினியம். அதைக் குத்தியிருந்த ஊக்கு எஃகு.

தெயுசரீனா தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி நான், உன் மூணு மாச வேலையக் கெடுத்துட்டேனே!"

ஜுராந்திர் ஊக்கைக் கழற்றிக் குடுவையில் போட்டுவிட்டு உள்ளே போனார். எண்கள் ஒழுங்காக வந்து உட்கார்ந்தன. வெளியே வந்து நோட்டை எடுத்து, அந்த மூன்று மாதத்தையும் கோடிட்டு அடித்தார். காரணம் என்ற இடத்தில், 'அளப்பவரின் கவனக்குறைவு' என்று எழுதினார்.

"என் தப்ப எதுக்கு உன் தலையில போட்டுக்கிற?" என்றாள் அவள்.

மூன்று மாதமாகத் தனக்கு வயதாகிவிட்டது, கண் போய்விட்டது என்றுதான் அவர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். இப்போது மனசு நிறைந்திருந்தது. பதக்கத்தை அவள் கையில் கொடுத்தார்.

"போ, நூல்ல தெச்சுக் குடு. அடுத்த வாரம் இது இல்லாம உள்ள போக மாட்டேன்."