றூபினி மறுபடி எழுதிய பரீட்சை

றூபினி மன்னாரில் சட்டத்தரணியாக இருந்தவள். கஸ்பரைக் கலியாணம் செய்து லண்டன் வந்தபின், நோர்பரியில் லெஸ்லி என்ற சொலிசிட்டரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அகதி வழக்குக்காரரின் வாக்குமூலங்களைத் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பாள். கையெழுத்து லெஸ்லியுடையது.

இங்கே சொலிசிட்டராக வேண்டுமென்றால் இங்கிலாந்தின் தகுதிப் பரீட்சையை எழுத வேண்டும். முதற் கட்டத்தில் இரண்டு தாள்கள். இரண்டாம் கட்டத்தில் கட்சிக்காரரோடு பேசிக் காட்ட வேண்டும், வாதாடிக் காட்ட வேண்டும். றூபினி முதற் கட்டத்தில் ஒரு தாளில் தேறினாள். காணிச் சட்டமும் உயிலும் வருகிற மற்றத் தாளில் தவறிவிட்டாள்.

முடிவு வந்த அன்று கஸ்பர் வேலையால் வந்து குசினி வாசலில் நின்றான். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியாமல் விழேல்லையப்பா. தெரிஞ்சதாலதான் விழுந்தனான்," என்றாள். "ஊர்ச் சட்டம் முந்திக்கொண்டு வந்திட்டுது. ஊரில நொத்தாரிசின்ர கையெழுத்து இல்லாமல், ரெண்டு சாட்சியோட மட்டும் எழுதின உயில் செல்லாது. இஞ்ச அது செல்லும். இப்பிடி எத்தனை!"

கஸ்பருக்கு அது விளங்கியது. அவன் பாரிசில் பொயிலர் பூட்டப் படித்து அத்தாட்சி எடுத்தவன். லண்டனில் அது எடுபடவில்லை. முதலிலிருந்து படி என்றார்கள். அவன் படிக்கவில்லை. தண்ணீர்க் குழாய் வேலையோடு நின்றுவிட்டான்.

"காணும் றூபினி. நானும் விட்டனான்தானே. ஒண்டும் குறைஞ்சு போகேல்லை."

"நான் அடுத்த முறைக்குப் பதிஞ்சிட்டன்," என்றாள் அவள்.

பிறகு அவள் படித்த விதத்தைக் கஸ்பர் வாழ்நாளில் மறக்கமாட்டான். பழைய சட்டத்தை மறக்க அவள் முயலவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, "மன்னாரில இப்பிடி, இஞ்ச இப்பிடி" என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சோறு வடிக்கும்போதும் சொன்னாள். குரோய்டனுக்கு ரயிலில் போகும்போதும் அவளுடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது. கஸ்பருக்கே பாதி மனப்பாடமாகிவிட்டது.

இரண்டாம் முறை தேறினாள்.

"இனி லேசு," என்றார் லெஸ்லி. "வெளிநாட்டில ரெண்டு வருசம் சட்டத்தரணியா வேலை செய்ததைக் காட்டினால், மற்றக் கட்டத்துக்கு விலக்குக் கேக்கலாம்."

றூபினி மன்னாரில் தன் சீனியராக இருந்த முருகேசனுக்கு, அனுபவக் கடிதம் கேட்டு ஃபோன் எடுத்தாள். கணக்குப் பார்த்தால் இரண்டு வருடத்துக்குச் சில மாதங்கள் குறைந்தன.

"அதுக்கென்ன பிள்ளை," என்றார் முருகேசன். "அதுக்கு முந்தியும் நீ என்னட்டத்தானே தொழில் பழகினனீ. சேர்த்து ரெண்டு வருசம் எண்டு எழுதிவிடுறன்."

"வேண்டாம் சேர். சட்டத்தரணியாச் சத்தியப்பிரமாணம் எடுத்த பிறகு செய்த வேலையைத்தான் கேக்கினம்."

"இஞ்ச வந்து ஆர் பாக்கப் போயினம்?"

"ஒருதரும் பாக்காயினம் சேர். ஆனா நான் போற வேலை அந்த மாதிரி. முதல் பேப்பரையே பொய்யாக் குடுத்திட்டு, பிறகு சனத்திட்ட உண்மையைச் சொல்லுங்கோ எண்டு எப்பிடிக் கேக்கிறது?"

பக்கத்தில் இருந்த கஸ்பருக்கு முதலில் கோபம்தான் வந்தது. இன்னொரு பரீட்சை, இன்னும் எத்தனை மாதம்! அவளுடைய முகத்தைப் பார்த்தபின் அது அடங்கியது. எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தான்.

இரண்டாம் கட்டத்தில் அவளுக்குப் பயம் தன் ஆங்கில உச்சரிப்பைப் பற்றித்தான். கட்சிக்காரியாக நடிக்க வந்த பெண் கேட்டதற்கு மட்டும் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். றூபினி பேனாவைக் கீழே வைத்தாள். "அவசரமில்லை, நீங்கள் விரும்பின இடத்திலிருந்து சொல்லுங்கள்," என்றாள். மன்னாரில் காணாமற்போன கணவனைத் தேடி வழக்குக்கு வந்த பெண்களிடம் அவள் அப்படித்தான் பேசுவாள். எதிரில் இருந்தவள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து பேசத் தொடங்கினாள். உச்சரிப்புப் பற்றிய நினைவே றூபினிக்குப் பிறகு வரவில்லை.

முடிவு வந்தபோது அவள் அலுவலகத்தில் இருந்தாள். அதைக் கேட்டதும் லெஸ்லி கதிரையை விட்டு எழுந்து நின்று கை கொடுத்தார்.

கஸ்பர் அப்போது ஒரு வீட்டில் குளியலறைக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவளோடு பேசி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, தன் வான் வண்டிக்குள் இருந்தபடி பாரிசிலிருக்கும் தமையனுக்கு ஃபோன் எடுத்தான்.

"அண்ணை, றூபினி எழுதி எடுத்திட்டாள்."

"விலக்குக் கிடைச்சதோ?"

"இல்லை. முழுக்க எழுதித்தான் எடுத்தவள்."