முதல் கலயம்

1953 மாசியில் தாணம்மாளுக்கு மூன்றாவது கருவும் கலைந்தது. மூன்றில் ஒன்றுகூட நான்கு மாதத்தைத் தாண்டவில்லை. அஞ்சுகிராமத்துக்குத் தெற்கே பனையேறிப் பிழைத்த அவள் கணவன் சுடலையாண்டிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: காலையில் இறக்கும் அக்கானியில், அந்த இனிப்புப் பதநீரில், முதல் கலயம் அவளுக்கு.

"குடிட்டி. தெம்பிருந்தாத்தான் பிள்ள நிக்கும்."

அவள் குடித்தாள். தாகம் அடங்கவில்லை. உடம்பு மெலிந்துகொண்டே போனது.

அடுத்த மாசியில் மறுபடி நாள் தள்ளியதும் இருவரும் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினார்கள். ஆசுபத்திரி நர்ஸ் லீமா, கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, தாணம்மாளின் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் நின்றது.

"சர்க்கரை வியாதி. பிள்ளைங்க தங்காததுக்கு இதுதான் காரணமா இருக்கும். தினம் என்ன சாப்பிடுவா?"

"கஞ்சியும் மீனும்," என்றாள் தாணம்மாள் அவசரமாக.

"அக்கானி," என்றான் சுடலையாண்டி. "தினம் ஒரு கலயம். நான்தான் குடுத்தேன்."

லீமா குழாயைக் கீழே வைத்தாள்.

"வியாதி முன்னாலயே உண்டு அண்ணாச்சி. அக்கானி அதைக் கூட்டிச்சு. இனி அளந்து சாப்பிடணும், தினம் ஊசி போடணும், இதே மாதிரி குழாயில காய்ச்சிப் பாக்கணும்; நீலம் மாறலேன்னா சர்க்கரை இல்ல. நீங்களே படிச்சுக்கிடுங்க."

தாணம்மாளோடு மூன்று வாரம் வார்டில் தங்கி ஊசி போடப் படித்துக்கொண்டான். ஆனாலும் பாளையைத் தாள்போலச் சீவும் கை வீட்டில் ஊசியைப் பிடித்ததும் உதறியது.

"பனை உச்சியில நடுங்காத கை, எந் தொடையில நடுங்குத பாருங்க!" என்றாள் அவள்.

முதல் கலயம் இப்போது கருப்பட்டி காய்ச்சும் கொப்பரைக்குள் போனது. அதே அடுப்பின் ஓரத்தில் தினமும் கண்ணாடிக் குழாயும் கொதித்தது. செங்கல் நிறம் மஞ்சளானது. வைகாசியில் பச்சை வந்தது.

கருவுக்கு நான்கு மாதம் முடிந்த மறுநாள் குழாய் நீலமாகவே நின்றது. சுடலையாண்டி அதை வெயிலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தான். பிறகு கலயத்தைக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தான்.

"குடிட்டி."

அவள் ஒரு மடக்குக் குடித்தாள். "லேசா இனிக்குதே."

அவன் கலயத்தைப் பிடுங்கி மோந்து பார்த்தான். அக்கானி புளிக்காமலிருக்க உள்ளே பூசும் சுண்ணாம்பின் வாசம் மட்டும்தான் இருந்தது. தாணம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதட்டி, பிள்ள குலுங்கும்," என்றான்.

மறுநாள் சந்தையிலிருந்து, அவள் தண்ணீர் குடிக்க, பாளையில் ஒருநாளும் கட்டாத புதுக் கலயம் ஒன்று வாங்கி வந்தான்.